தலைச்சேரியில் ஒரு சக்கரக் கச்சேரி

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுச் சைக்கிள் என்ன சுருதியில் இருக்கிறது?

"சைக்கிளுக்கு ஏதய்யா சுருதி? அது என்ன சங்கீத வித்வானா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. போன மாதம் வரையில் நானும் உங்கள் கட்சிதான். என் சைக்கிளிலிருந்து கிளம்பும் சத்தங்களைச் சங்கீதம் என்று சொல்ல, என் மேல் எத்தனையோ பிரியம் உள்ள என் மனைவி கூட ஒப்ப மாட்டாள்.

தலைச்சேரிக்குப் போய் வந்த பிறகு நான் கட்சி மாறிவிட்டேன். அங்கே ஒரு பெரியவர், ஒரு வாலிபன், ஒரு பெண், மூன்று பேரும் ஒற்றைச் சக்கரம் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அதன் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக் காது கொடுத்துக் கேட்டதை ஒரு பகல் முழுவதும் பார்த்தேன். அது விளையாட்டு அல்ல. கம்பிகள் சொன்னதைத் தப்பாகக் கேட்டதனால் அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டு ஒரு தடவை முறிந்திருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

* * *

சென்னையில் ராத்திரி மங்களூர் மெயிலில் ஏறிப் படுத்தேன். கண் விழித்தபோது ரயில் பாரதப் புழையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்த இடமெல்லாம் பச்சை. தென்னைக்குக் கீழே வாழை, வாழைக்குக் கீழே சேம்பு என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். கோழிக்கோடு வந்தது, போயிற்று. நம் புதுச்சேரியின் ஒரு துண்டு அரபிக் கடலோரத்தில் தனியே கிடக்கிறதே, அந்த மாஹியும் வந்தது, போயிற்று. அதற்கு அடுத்தாற்போல் தலைச்சேரி.

இந்த ஊர்க்காரர்கள் மூன்று விஷயங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஒன்று கேக். 1883-ம் ஆண்டில் மாம்பள்ளி பாப்பு என்பவர் இங்கேதான் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுத்தார் என்றும், இந்தியர் ஒருவர் சுட்ட முதல் கேக் அதுதான் என்றும் சொல்வார்கள். இரண்டாவது கிரிக்கெட். ஆர்தர் வெல்லெஸ்லி துரை தம் சிப்பாய்களோடு இந்த ஊர் மைதானத்தில் மட்டை பிடித்தார் என்பது ஊரார் கதை. மூன்றாவது சர்க்கஸ். முதல் இரண்டையும் பற்றி யாராவது சந்தேகம் கிளப்பலாம். மூன்றாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க முடியாது.

விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் 1880-ல் பம்பாயில் ஒரு சர்க்கஸ் ஆரம்பித்தார். இந்தியர் நடத்திய முதல் சர்க்கஸ் என்று அதைச் சொல்வார்கள். அவர் கூடாரத்தோடு தலைச்சேரிக்கு வந்தபோது கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற தேகப்பயிற்சி வாத்தியாரைச் சந்தித்தார். வாத்தியாருக்குக் களரியும் தெரியும், மேல்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸும் தெரியும். அந்தச் சந்திப்பின் பயனாக, 1901-ல் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் ஒரு சர்க்கஸ் பள்ளிக்கூடமே திறந்துவிட்டார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர்தான், கயிற்றின் மேல் ஆடி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அசத்திய கண்ணன் பம்பாயோ. 1951-ல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய சங்கரனும் இந்த மண்ணின் பிள்ளைதான். 'மேரா நாம் ஜோக்கர்' என்ற ஹிந்திப் படத்தில் ராஜ் கபூர் கோமாளி வேஷத்தில் வந்து நம்மை அழ வைத்தாரே, அந்தப் படத்தில் வந்த கூடாரம் ஜெமினியின் கூடாரம்.

இப்போது சர்க்கஸுக்கு நல்ல காலம் இல்லை. சிங்கம், புலி, கரடி, குரங்கு எல்லாவற்றையும் வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று 1998-ல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அது நியாயமான உத்தரவுதான். ஆனால் மிருகங்கள் போன பிறகு கூடாரத்தில் மிஞ்சியவர்கள் மனிதர்கள் மட்டுமே. இன்று டிக்கெட் வாங்குகிறவர்கள் பார்க்க வருவது ஊஞ்சல், கம்பி, கயிறு, அப்புறம் சைக்கிள்.

* * *

சிறக்கரைப் பக்கம் ஒரு சந்தில் அந்தச் சைக்கிள் கடை இருக்கிறது. ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு பலா மரம். ஆசானுக்கு வயது எழுபத்தேழு. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கஸில் சைக்கிள் ஆட்டம் ஆடியவர். முழங்கால் ஓய்வு கேட்டதும் ஊருக்கு வந்து கடை போட்டுவிட்டார். "பேரை எழுத வேண்டாம், ஸார். எழுதினால் கடன்காரன் எல்லாம் தேடி வருவான்" என்று சிரித்தார்.

அவருடைய தமிழ் விசேஷமானது. மதுரையில் கற்றது பாதி, தஞ்சாவூரில் கற்றது பாதி. மேலே மலையாளம் தாளித்திருந்தது. "கூடாரம் அடிச்ச ஊரிலெல்லாம் கொஞ்சம் பாஷை பொறுக்கினேன்" என்றார்.

கடைக்குள் தங்கை மகன் வேலை செய்துகொண்டிருந்தான். இருபத்து நாலு வயது இருக்கும். 'அம்மாவன்' என்றுதான் மாமாவைக் கூப்பிடுகிறான். ஹார்மோனியம் வாசிப்பான், ஊரில் நாடகம், பஜனை எதுவானாலும் சுருதி சேர்ப்பதற்கு அவனைத்தான் அழைப்பார்களாம். நான் போனபோது தலையைக் குனிந்துகொண்டு, நிமிராமல் ஒரு சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு சர்க்கஸில் ஒற்றைச் சக்கரம் ஓட்டுகிறவள். சக்கரத்தில் உட்கார்ந்தபடியே கயிறு தாண்டுவது அவளுடைய ஐட்டம். சக்கரத்தோடு குதித்துக் குதித்துக் கயிற்றைக் காலடியில் விட வேண்டும்! அவளுக்காகத்தான் அந்தச் சக்கரம் தயாராகிக்கொண்டிருந்தது.

"பழைய சக்கரம் என்ன ஆயிற்று?" என்று நான் கேட்டுவிட்டேன்.

கடையில் திடீரென்று மௌனம். வாலிபனின் கை நின்றுவிட்டது. பெண்தான் பதில் சொன்னாள்: "அப்பளம் ஆயிட்டு, ஸார்." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு சற்றே வளைந்து கூடியிருந்தது.

ஆசான் கண்ணில் புரை எடுத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம். சக்கரம் அவசரமாகத் தேவைப்பட்டது. பையனே ஒன்றுக்கு இரண்டாகக் கட்டி, ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். மற்றதை, இருக்கட்டும் என்று சுவரில் மாட்டி வைத்தான். மூன்று வாரம் சக்கரம் ஓடிற்று. நாலாவது வாரத்தில் ஒரு நாள் மாலை ஆட்டம். கயிறு தாண்டிக் குதித்து இறங்கியவள் கொஞ்சம் சாய்வாக இறங்கிவிட்டாள். வட்டமாக இருந்த ரிம், எண்ணெயில் போட்ட அப்பளம் போல் ஒரே நொடியில் நெளிந்து மடங்கிற்று. அவள் கையை ஊன்றினாள்.

"நான் நல்லா பார்த்துத்தான் கட்டினேன், ஸார்" என்று வாலிபன் முதல் தடவையாக வாய் திறந்தான். குரல் தழுதழுத்தது.

"அது உண்மைதான்" என்றார் ஆசான். "அதுதான் இதிலே விசேஷம். வாங்க, காட்டறேன்."

* * *

வாசகர்களே, இங்கே நாம் கொஞ்சம் பாடம் படிக்க வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

மாட்டு வண்டிச் சக்கரம் பார்த்திருக்கிறீர்கள். கட்டை கட்டையான ஆரக்கால்கள். வண்டியின் பாரம் முழுவதையும் அடியில் இருக்கும் ஆரக்கால் தூண் மாதிரி தாங்குகிறது. சைக்கிள் சக்கரத்தில் இருப்பதோ இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி. கடைக்காரர்கள் 'போக்ஸ் கம்பி' என்பார்களே, அது. அந்தக் கம்பியை நிற்க வைத்து அழுத்தினால் வளைந்துவிடும். அப்படியானால் உங்களையும், பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் மைத்துனரையும் எப்படி அது சுமக்கிறது?

சூட்சுமம் இழுப்பில் இருக்கிறது. கம்பிகள் எல்லாம் ரிம்மை நடுவிலுள்ள ஹப்பை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இப்படி இழுப்பினாலேயே ஒரு சக்கரத்தை நிற்க வைக்கலாம் என்று ஜார்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர் 1808-லேயே யோசித்தார். அவருக்குச் சைக்கிள் மேல் நாட்டம் இல்லை. பறக்கும் யந்திரத்துக்கு லேசான சக்கரம் தேவைப்பட்டது! 1869-ல் பாரிஸில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குப் பேடண்ட் வாங்கினார். கம்பிகளை நேராக விடாமல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும்படி சாய்த்துக் கட்டுகிறோமே, அந்த முறைக்கு 1874-ல் பேடண்ட் வாங்கியவர் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி.

நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 100 கிலோ இழுப்பில் இருக்கும். முப்பத்தாறு கம்பி உள்ள சக்கரம் என்றால் கூட்டிப் பாருங்கள்: 3,600 கிலோ! சாதுவாகச் சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிளுக்குள் இப்படி ஒரு கயிறு இழுக்கும் போட்டி ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் என்ன ஆகிறது? தரையைத் தொடும் இடத்தில் ரிம் இம்மியளவு உள்ளே அமுங்குகிறது. அடியிலுள்ள சில கம்பிகளின் இழுப்பு குறைகிறது. மற்றக் கம்பிகளில் அதிக மாறுதல் இல்லை. ஆகையால் அடிக் கம்பிகள் தங்களிடம் உள்ள இழுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் பாரத்தைச் சுமக்கின்றன. 1981-ல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதிய ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க என்ஜினீயர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். விட்டுக்கொடுக்க இழுப்பு இருக்கும் வரையில் ஆபத்து இல்லை. கையிருப்பு தீர்ந்து கம்பி தொளதொளத்துவிட்டால், அந்த இடத்தில் ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அப்புறம் அப்பளம்தான்.

இன்னொன்றும் உண்டு. கம்பி தொய்யும் ஒவ்வொரு தடவையும் அதன் நுனியிலுள்ள நிப்பிள் மயிரிழை கழன்றுகொள்ளும். இன்று தொய்ந்தது நாளைக்கு இன்னும் தொய்யும். அந்தச் சக்கரம் மூன்று வாரம் ஓடிவிட்டு நாலாவது வாரம் மடங்கியதற்கு அதுதான் காரணம்.

ஒற்றைச் சக்கரத்துக்கு இந்தச் சோதனை எல்லாம் இரட்டிப்பு. பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொரு சக்கரம் கிடையாது. கிராங்கு நேராக அச்சிலேயே மாட்டியிருக்கிறது. சங்கிலி இல்லை, ஃப்ரீவீல் இல்லை, பிரேக் இல்லை. ஓட்டுவதும் கால்தான், நிறுத்துவதும் கால்தான். ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் முன்னும் பின்னும் அரைச் சுற்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னே மிதிக்கும்போது பாதிக் கம்பிகள் இறுகும், மறு பாதி தளரும். பின்னே மிதித்தால் நேர்மாறாகும்.

* * *

ஆசான் சுவரிலிருந்து அந்த இரண்டாவது சக்கரத்தை எடுத்தார். மடங்கிப் போனதன் கூடப் பிறந்தது. இருபது அங்குலச் சக்கரம். அதை ஃபோர்க்கில் தலைகீழாக மாட்டிச் சுழற்றிவிட்டார். "கோட்டம் இருக்கா பாருங்க, ஸார்" என்றார்.

ரிம்முக்குப் பக்கத்தில் சாக்கட்டியைப் பிடித்துப் பார்த்தேன். எங்கும் படவில்லை. இடமும் வலமும் ஆடவில்லை. மேலும் கீழும் துள்ளவில்லை. குயவன் சக்கரம் போல் சுற்றிற்று.

"கோட்டம் எடுத்தாச்சு என்றால் சக்கரம் சரியாச்சு என்று எல்லாரும் நினைக்கிறது. அது போதாது. ஒரு கம்பி ரொம்ப டைட், அடுத்த கம்பி ரொம்ப லூஸ் என்று வைத்தாலும் ரிம் நேராக ஓடும். கொஞ்ச நாள் ஓடும். அதனாலே அடுத்தது இது" என்று, ரிம்முக்குக் கிட்டே, கம்பிகள் ஒன்றையொன்று தொடாத இடமாகப் பார்த்து விரல் நகத்தால் ஒரு கம்பியைச் சுண்டினார். 'டிங்' என்றது. அடுத்தது, அதற்கு அடுத்தது. எல்லாம் ஒரே ஸ்வரம்! முப்பத்தாறு கம்பியும் அச்சுப் பிசகாமல் ஒரே குரலில் பேசின. அரை ஸ்வரம் பிசகினால் இழுப்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பிசகு என்று கணக்கு. பையனின் காது லேசுப்பட்டதல்ல.

சைக்கிளின் பின் சக்கரத்தில் பல்சக்கரம் ஒரு பக்கம் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது பக்கக் கம்பி அதிகம் இறுகியிருக்கும். ஒற்றைச் சக்கரத்தில் அந்தப் பாரபட்சம் கிடையாது. ஹப்பின் இரு பக்கமும் ஒரே அளவு. ஆகையால் இரு பக்கமும் ஒரே ஸ்வரம் பேச வேண்டும். பேசிற்று.

"கோட்டம் இல்லை, ஸ்வரம் பிசகவில்லை. பின்னே என்ன குற்றம்?" என்று கேட்டேன்.

ஆசான் பேசாமல், உத்தரத்தில் தொங்கிய பெரிய 28 அங்குலச் சக்கரத்தைக் காட்டினார். பல வருஷத்துக்கு முன் அவரே கட்டியது. அதில் ஒரு கம்பியைச் சுண்டினார். 'டிங்.' அதே ஸ்வரம்!

"அம்மாவன் கட்டியதுதானே, அதையே ஸட்ஜமாக வைத்துச் சின்னச் சக்கரத்தைச் சேர்த்தேன்" என்றான் வாலிபன்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. "சேர்த்தது சரிதானே?" என்றேன்.

"ஸார், உங்க ஊரில் தம்புரா உண்டல்லோ? கம்பியைப் பாதியில் அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்?"

"மேல் ஸட்ஜம் கேட்கும்."

"இழுப்பைக் கூட்டினீர்களா?"

"இல்லை. நீளம் குறைந்தது."

சொல்லிவிட்டுத்தான் எனக்குப் பொறி தட்டிற்று. பெரிய சக்கரத்தின் கம்பி ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் நீளம். இருபது அங்குலச் சக்கரத்தின் கம்பி சுமார் 185. கம்பி குட்டையாக இருந்தால், அதே இழுப்பிலேயே அதிக உயரத்தில் பாட வேண்டும். பெரியதை ஸட்ஜம் என்று வைத்தால், அதே இழுப்புள்ள சிறியது கிட்டத்தட்ட சுத்த தைவதத்தைத் தொட வேண்டும். பையன் தைவதத்தில் நிற்க வேண்டியதை ஸட்ஜத்திலேயே நிறுத்திவிட்டான்.

ஸ்வரத்தில் இவ்வளவு குறைந்தால் இழுப்பில் எவ்வளவு குறையும்? இங்கேதான் மோசம். மேல் ஸட்ஜத்துக்கு ஏற்ற, இழுப்பை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது. நாலு மடங்கு ஆக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி பார்த்தால், சிறிய சக்கரத்தில் இருந்த இழுப்பு பெரியதில் இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்குதான்!

ஆசான் மேஜை டிராயரிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். கம்பியின் ஒரு பக்கம் இரண்டு முளை, மறு பக்கம் நடுவில் ஒரு முளை, அதை அழுத்த ஒரு ஸ்பிரிங். கம்பி எவ்வளவு வளைகிறது என்பதை முள் காட்டும். கம்பியின் பருமனுக்குத் தக்கபடி அட்டவணையில் பார்த்தால் இத்தனை கிலோ என்று தெரியும். பையன், விபத்துக்குப் பிறகு ஹார்மோனியம் வாசித்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. சுவரிலிருந்த சக்கரத்தில் வைத்துப் பார்த்தோம். 38 கிலோ. அடுத்த கம்பியும் 38. அதற்கு அடுத்தது 39.

"காது கெட்டவன் கட்டியிருந்தால் கம்பிக்குக் கம்பி வித்தியாசம் இருக்கும், யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இவன் நல்ல காது உள்ளவன். அதனாலே தப்பும் சுருதி சுத்தமாக விழுந்தது" என்றார் ஆசான். அவர் சொன்ன மாதிரியில் கோபம் இல்லை. பையன் மட்டும் தலை நிமிரவில்லை.

* * *

அப்புறம் புதுச் சக்கரத்தின் வேலை ஆரம்பமாயிற்று. நீங்கள் யாராவது வீட்டில் முயன்று பார்க்கக்கூடும் என்பதால் முறையைச் சொல்லி வைக்கிறேன்.

நிப்பிள் மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய். எல்லா நிப்பிளையும் ஒரே அளவு மரை தெரியும்படி கையால் திருகிக்கொள்ள வேண்டும். பிறகு நிப்பிள் சாவியால் ஒவ்வொன்றுக்கும் அரைத் திருப்பு. ஒரு வட்டம் முடிந்ததும் கோட்டம் பார்ப்பது. மறுபடியும் அரைத் திருப்பு. இறுக இறுகக் கால் திருப்புதான். அவசரப்பட்டு ஒரே இடத்தில் திருகித் தள்ளினால் கோட்டம் அங்கேயே குடியேறிவிடும்.

இறுகிய கம்பி ஒரு தந்திரம் செய்யும். நிப்பிள் திரும்பாமல் கம்பியே முறுக்கிக்கொள்ளும். பிற்பாடு ஓட்டும்போது 'டிக் டிக்' என்று முறுக்கு அவிழ்ந்து இழுப்பு போய்விடும். ஆகவே கால் திருப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் கூடவே திருப்பி, அந்தக் கூடுதலைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

நடுநடுவே பையன் தோல் கையுறை மாட்டிக்கொண்டு, இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் நெரித்தான். கம்பியின் வளைவு ஹப்பின் துவாரத்தில் நன்றாகப் படிவதற்கும், உள்ளே தங்கியிருக்கும் வேண்டாத அழுத்தம் கலைவதற்கும் இது அவசியம். இதைச் செய்யாத சக்கரத்தில் கம்பிகள் வளைவிலேயே சீக்கிரம் களைத்து முறியும்.

"சரி, ஆசானே, இழுப்பு போதும் என்று எப்போது தெரியும்?" என்று கேட்டேன்.

"நாலு சாட்சி, ஸார். ஒன்று கை. நெரித்தால் கொஞ்சம்தான் கொடுக்கணும். இரண்டு காது. ஆனால் காதுக்கு எந்தச் சக்கரம், எத்தனை நீளம் என்று முதலில் சொல்லிக் கொடுக்கணும். மூன்று இந்த முள். நாலாவது ரிம்மே சொல்லும். அளவுக்கு மேலே இறுக்கினால், நெரித்ததும் ரிம் பாம்பு மாதிரி நெளியும். நெளிந்தால் எல்லாக் கம்பியையும் அரைத் திருப்பு தளர்த்தி, திரும்பக் கோட்டம் எடுக்கணும். ரொம்ப லூஸ் ஆனாலும் அப்பளம். ரொம்ப டைட் ஆனாலும் அப்பளம். நிப்பிள் துவாரத்திலே ரிம் விரிசல் விட்டுப் போவதும் உண்டு."

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பிகள் மேலே ஏற ஆரம்பித்தன. பையன் சுண்டினான், வாய்க்குள் ஸ்வரம் பாடினான். மத்தியமம் தாண்டிற்று, பஞ்சமம் வந்தது. அவன் கை தயங்கிற்று. மாமாவைப் பார்த்தான்.

"என்னைப் பார்க்காதே, மோனே. நான் கட்டவில்லை, நீ கட்டுகிறாய்" என்றார் ஆசான்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. எழுபத்தேழு வயதுக் கை பக்கத்தில் இருக்கும்போது, ஒரு தடவை தவறிய கையிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பையன் வெளியே தண்ணீர் குடிக்கப் போனபோது அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன்: "உனக்குப் பயமாக இல்லையா, அம்மா? ஆசானே கட்டித் தரட்டும் என்று சொல்லக் கூடாதா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆசான் சொன்னார், தானே கட்டறேன் என்று. நான்தான் வேண்டாம் என்றேன். ஆசானுக்குச் சக்கரம் ஞாபகம் இருக்கும். அவனுக்கு என் கை ஞாபகம் இருக்கும்" என்றாள்.

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நாலு மணிக்குக் கருவியை வைத்துப் பார்த்தோம். 98. 102. 101. 97. முப்பத்தாறு கம்பியையும் பையன் உரக்கப் படித்தான். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஆசான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "பதினேழாவது கம்பியை மறுபடி பார்" என்றார். பார்த்தால் 89. நான்தான் 98 என்று தலைகீழாக எழுதியிருந்தேன்! சுண்டும்போது அது தாழ்ந்து ஒலித்தது அவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது. பையன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தான்.

* * *

வெயில் சாய்ந்ததும் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். அவள் சீட்டை இடுப்போடு வைத்து, ஒரு கால் வைத்தாள், மறு கால் வைத்தாள், நிமிர்ந்தாள். முதல் சுற்றிலேயே சக்கரம் 'டிக், டிக்' என்றது. பையன் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதே, மோனே. மிச்சம் இருந்த முறுக்கு அவிழ்கிறது. இறங்கு, மோளே" என்றார் ஆசான். சக்கரத்தைத் திரும்ப ஃபோர்க்கோடு கவிழ்த்து, கோட்டம் பார்த்து, இரண்டு கம்பியை மட்டும் பையன் சரி செய்தான். மறுபடியும் ஏறினாள். இந்தத் தடவை சத்தமே இல்லை.

நின்ற இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டினாள். பிறகு கயிற்றைக் கையில் எடுத்தாள். பையன் சட்டென்று திரும்பிப் பலா மரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனால் பார்க்க முடியவில்லை. கயிறு சுழலும் சத்தமும், டயர் தரையில் 'தொப், தொப்' என்று இறங்கும் சத்தமும் மட்டும் கேட்டன. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்து, இருபது, முப்பது. முப்பத்தாறில் அவள் நிறுத்தினாள்.

"கம்பிக்கு ஒன்று!" என்று அவள் கத்தினாள். அப்போதுதான் அவன் திரும்பினான்.

ராத்திரி பஸ்ஸில் அவள் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை இழுப்புப் பார்க்க வேண்டும் என்று பையன் ஜன்னல் வழியாக நாலு தடவை சொன்னான். "ஸ்வரத்தைச் சொல்லு, நானே பார்த்துக்கறேன்" என்றாள் அவள். அவன் பாடிக் காட்டினான். பஸ் கிளம்பிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், என் சைக்கிளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்து கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்ததுதான். ஒன்று பாடிற்று, ஒன்று முனகிற்று, மூன்று வாயே திறக்கவில்லை. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, சங்கீதம் அமர்க்களப்படுகிறது?" என்றாள். மறுநாள் காலை சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன்.

நீங்களும் ஒரு தடவை சுண்டிப் பாருங்கள். உங்கள் குழந்தை ஓட்டும் சின்னச் சைக்கிளாக இருந்தால், பெரிய சைக்கிளை விட உயரமாகப் பாட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.